அண்ணனின் குடலும் என் ஆராய்ச்சியும்

நான் பெருங்குடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் இதைச் சபையில் முழுதாகச் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் அண்ணன் என்னை அறிமுகப்படுத்துகிற அழகே தனி. "இது என் தங்கச்சி. ஐதராபாத் தார்நாகாவுல சயின்டிஸ்ட்டு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பிப்பார். எதிரில் நிற்பவர், "அப்படியா, எதுல?" என்று கேட்டதும் குரல் இறங்கிவிடும். "அதான்... இந்த வயிறு... உள்ளாற..." என்று இழுத்துவிட்டு, "நீங்க சாப்டீங்களா?" என்று பேச்சை மாற்றுவார். பந்தி நடக்கிற இடத்தில் குடலைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் கட்சி. பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் குடல் இருக்கிறதே என்பது என் கட்சி.

ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். பெரிய மனிதர் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? சொன்னேன். எல்லோர் கையிலும் கேசரித் தட்டு இருந்தது. மலம் போகிற பாதையின் உட்சுவர் எப்படி உரிந்து உரிந்து புதிதாகிறது என்பதைக் கையால் அபிநயம் பிடித்து விளக்கினேன். அவர்கள் கேசரியை முடிக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்தக் கேசரிதான் காரணம் என்று அண்ணி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரணம் வேறு, அது இங்கே வேண்டாம்.

சரி, நான் என்னதான் செய்கிறேன்? பெருங்குடலின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் உட்கார்ந்திருக்கும். அவை பிரிந்து பிரிந்து புதுச் செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே போனவை சில நாள் உழைத்துவிட்டு உதிர்ந்துபோகும். குடித்தனக்காரர்கள் வருவதும் போவதுமாக இருக்க, அடியில் இருக்கிற வீட்டுக்காரன் மட்டும் நகரமாட்டான். குடித்தனக்காரன் கெட்டுப்போனால் கவலையில்லை, எப்படியும் காலி செய்துவிடுவான். வீட்டுக்காரனுக்குப் புத்தி பிசகினால்தான் ஆபத்து. ஸ்டெம் செல்லின் மரபணுவில் விழுந்த பிழை, அதிலிருந்து பிறக்கிற அத்தனை செல்லுக்கும் போகும். பிழைமேல் பிழை சேர்ந்து, குடல் சுவரில் ஒரு சின்ன மொட்டு முளைத்து, வருஷக்கணக்கில் அது புற்றாக மாறும்.

இந்தப் பிழைகளைத் திருத்துவதற்கென்றே உடம்பில் சில மரபணுக்கள் இருக்கின்றன. சில குடும்பங்களில் திருத்துகிற மரபணுவே பிறவியிலேயே பழுதாகி வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா மாதிரிதான். இப்படிப்பட்ட செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவை எப்போது கெடுகின்றன, எதனால் கெடுகின்றன என்று பார்ப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகூட ஓடிப்போய் அவற்றுக்கு ஆகாரம் மாற்றிவிட்டு வரவேண்டும். "பெத்த புள்ளைக்குக்கூட யாரும் இப்டி ஓடமாட்டாங்க" என்பார் அண்ணி.

எங்கள் அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்து செகந்திராபாத் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், வயிற்றில் கட்டி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. கொஞ்ச வருஷத்தில் அப்பாவின் தங்கை கர்ப்பப்பைப் புற்றில் போனார். சொந்தக்காரர்கள் எல்லாம் குடும்பத்துக்கு வயிற்று ராசி சரியில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு சாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கே இத்தனை படிப்பு தேவைப்பட்டது. குடலில் புற்று வைக்கிற அதே பழுது கர்ப்பப்பையிலும் வைக்கும். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? என் ரத்தத்தைக் கொடுத்து மரபணுவைச் சோதிக்கச் சொன்னேன். பிழை திருத்துகிற மரபணுக்களில் ஒன்று எனக்குப் பழுது.

வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் அண்ணி ரயில்வே குவார்ட்டர்ஸையே இழவு வீடாக்கிவிடுவார். அறிகுறி எதுவும் இல்லாதபோதே வருஷா வருஷம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பயமில்லை. மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிடலாம். எனக்கு ஒரு தடவை அப்படிக் கிள்ளியும் ஆயிற்று. கேமரா விடுகிற நாட்களில் டெல்லியில் மீட்டிங் என்று சொல்லிவிடுவேன். டெல்லிக்குப் போகிறவளுக்கு வழிக்கு வேண்டுமே என்று அண்ணி புளியோதரை கட்டிக் கொடுத்தனுப்புவார். ஹப்சிகுடாவில் என் வீட்டில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே வெறும் வயிற்றோடு பேதி மருந்தைக் குடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் புளியோதரை வாசனையைவிடக் கொடுமையான வைத்தியம் எதுவும் கிடையாது.

ஆனால் அண்ணன்? அவருக்கும் பாதிக்குப் பாதி. எப்படி அவரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, காலேஜில் படிக்கும் அவர் மகள் போன் செய்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. "அத்தை, டாடிகி ப்ளட் வஸ்தோந்தி. எவரி மாட்ட வினரு" என்றாள். ரத்தம் போகிறதாம், யார் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறாராம். உடனே ஆட்டோ பிடித்துப் போனேன்.

"இன்னா பாப்பா, வேல நாள்ல வந்திருக்க? செல்லுக்கெல்லாம் சோறு போட்டுட்டியா?" என்று வரவேற்றார் அண்ணன்.

"அண்ணே, ரத்தம் போவுதாமே?"

மகளை ஒரு முறை முறைத்தார். "மூலம். கருணைக்கிழங்கு சாப்ட்டா தன்னால போயிடும்."

"மூலமாவே இருக்கட்டும். ஒரு தடவ கேமரா வுட்டுப் பாத்துடலாம்."

"கேமராவா? எந்த வழியா?"

சொன்னேன்.

"நக்கோ" என்றார், வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில். "நக்கோன்னா நக்கோ."

"கைக்கு நக்கோ?" ஏன் வேண்டாம் என்று நானும் அதே பாஷையில் கேட்டேன்.

"வேலியில போற ஓணானப் புடிச்சி வேட்டிக்குள்ள வுட்டுக்கச் சொல்றியா நீ?" என்றவர், பழமொழி இடத்துக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதில் அவரே ஆடிப்போய் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அப்பாவை, அத்தையை, பழுதான மரபணுவை எல்லாம் எடுத்துச் சொன்னேன். என் ரிசல்ட்டை மட்டும் சொல்லவில்லை. ஒரு சின்ன ரத்தச் சோதனை செய்தால் அவருக்கு அது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றேன்.

"எனக்கு இருக்குதுன்னே வெச்சிக்கோ. தீந்துபோச்சி. சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்காத."

"இருக்குதுன்னு வெச்சிக்கினு சும்மா குந்தியிருப்பியா? அப்பா மாதிரி போய்ச் சேரலாம்னு இருக்கியா?" எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "பயந்தாங்கொள்ளி! இரு, உன் ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு உன் கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்றேன்."

"யாருக்குடி பயம்?"

"உனக்குத்தான்."

"ஹவ், சரி! வரேன். கேமரா வுட்டுக்கோ, வீடியோ எடுத்துக்கோ, இன்னா வோணா பண்ணு. ஆனா அந்த ரத்த டெஸ்ட்டு நக்கோ."

அவ்வளவு நீளக் குழாய்க்குச் சம்மதித்தவர், ஒரு சின்ன ஊசிக்கு மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு விளங்கவில்லை. கிடைத்தவரை லாபம் என்று விட்டுவிட்டேன்.

கேமரா விடுவதற்கு முன்பு குடல் துடைத்த மாதிரி இருக்கவேண்டும். முதல் நாள் முழுக்கத் தெளிந்த தண்ணீர் ஆகாரம்தான். அதற்குமேல் பேதி மருந்து. இதை நான் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து, கையுறை போட்ட கையோடு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அண்ணியிடம் சொன்னேன்.

"அப்ப விரதம்னு சொல்லு" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி, விரதம் மாதிரிதான்."

"அத எனக்குச் சொல்லணுமா? கிருத்திக தவறாம இருக்கறவ நானு. நீ உன் வேலயப் பாரு."

நானும் என் வேலையைப் பார்த்தேன். அங்கேதான் கெட்டது. எங்கள் வீட்டு விரதம் என்றால் என்ன? சோறு கூடாது, அவ்வளவுதான். சோறு கூடாது என்றால் பலகாரம். மற்ற நாளில் பழைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிற வீட்டில், விரத நாளில் உப்புமா, வடை, சுண்டல் என்று அடுப்பு அணையாது. எங்கள் வீட்டில் யாரும் விரதமிருந்து இளைத்ததாகச் சரித்திரமே இல்லை. அதையே தின்று வளர்ந்தவள் நான். படித்த படிப்பில் அது எப்படி மறந்ததோ!

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ஏமைனா தின்னாரா?" என்று அண்ணனைத் தெலுங்கில் கேட்டாள். "லேது, உபவாசம்" என்றார் அண்ணன், ஒன்றும் சாப்பிடவில்லை, விரதம் என்று. பொய் சொல்லவில்லை, மனசறிந்து சொன்னார். மயக்க மருந்து கொடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்த டாக்டரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆராய்ச்சிக்கு அவரிடமிருந்துதான் திசு வரும். குடலைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் எடுத்த திசு எங்களுக்கு உதவாது என்று அவருடைய ஆஸ்பத்திரிக்கே வந்து மைக் பிடித்துப் பேசியவள் நான். அந்த மனிதர் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் சிரித்தது.

"மேடம், லோப்பல கரிவேபாகு உந்தி" என்றார்.

உள்ளே கறிவேப்பிலை இருக்கிறது. கடுகு இருந்ததாம். கேரட் துண்டு, பட்டாணித் தோல் எல்லாம் இருந்ததாம். இது குடலா டிபன் சென்டரா என்று கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று போய்விட்டார். என் மானம் கப்பலேறியது.

அண்ணி நடைபாதையிலேயே கையில் அடித்துச் சத்தியம் செய்தார். "ஒரு பருக்க சோறு போடல பாப்பா. மருந்து குடிச்சி குடிச்சி மனுஷன் காஞ்ச கருவாடாட்டம் ஆயிட்டாரு. ராத்திரி துளியூண்டு ரவா உப்புமா குடுத்தேன். அதுவும் மனசு கேக்காமதான்."

"உப்புமா ஆகாரம் இல்லியா அண்ணி?"

"உப்புமா எப்டி ஆகாரமாவும்? அது பலகாரம்."

நான் பதில் சொல்லியிருந்தால் அன்றோடு உறவு அறுந்திருக்கும். மயக்கம் தெளிந்த அண்ணன் மட்டும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒருவாட்டி மானம் போனது போதும். இனிமே என்ன வுட்டுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடுவேனா? மகள் ஒரு பக்கம் அழுதாள், நான் ஒரு பக்கம் கத்தினேன். ஒரு வழியாக இன்னொரு நாள் குறித்தோம். இந்தத் தடவை முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அண்ணிக்கு அது பெரிய அவமானம். பத்து மணிக்கு ஒரு டம்ளரை நீட்டினார். "ரசத்துத் தெளிவு பாப்பா. தண்ணிதான. நீதான தெளிவா குடுக்கலாம்னு சொன்ன?" டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கொத்தமல்லித் தழை ஒன்று மிதந்தது. ரசம் தள்ளுபடியாயிற்று. இளநீரைக் கொடுத்தேன்.

மருந்தைக் குடித்ததும் அண்ணன், "இந்தக் கருமத்தக் குடிக்கறதுக்கு நோயே தேவல" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச நேரமில்லை. வீட்டுக்கு ஒரே கழிப்பறை. அதன் கதவு சாத்துவதும் திறப்பதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் விடவில்லை.

"எப்டி இருந்திச்சி? தண்ணியா போச்சா? நெறம் இன்னா?"

"ஏம்மே, உனக்கு வெக்கமே கெடயாதா?"

"அதப் பாத்துதான் சம்பளம் வாங்கறேன். நெறத்தச் சொல்லு."

"மஞ்ச" என்று கதவுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார். அடுத்த முறை அவரே, "வெள்ளயாய்க்கினு வருது" என்று எட்டு வீடு கேட்கக் கத்தினார். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக, என்னப்பா வருது என்று விசாரித்தார்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவும் கடைசி மாதங்களில் இப்படித்தான் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அதே நடை, அதே முதுகு. இவர் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நினைத்தேன். சாமி, எனக்குக் கொடுத்தது போதும், இவருக்கு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். நான் அவ்வளவாகச் சாமி கும்பிடுகிறவள் இல்லை.

மறுநாள் டாக்டர் வெளியே வந்தார். அண்ணன் குடல் அற்புதமாகச் சுத்தமாக இருக்கிறது என்றார், மொட்டு இல்லை, கட்டி இல்லை, ரத்தம் மூலத்திலிருந்துதான் என்றார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் விக்கி விக்கி அழுதேன்.

அண்ணனுக்கு மயக்கம் தெளிந்ததோ இல்லையோ, ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. "நான் சொல்லல? மூலம்னு அன்னிக்கே சொல்லல? பெரிய சயின்டிஸ்ட்டு! உன் படிப்பும் சரி, என் கருணக்கெழங்கும் சரி, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து, இதுதான் சமயம் என்று அந்த ரத்தச் சோதனையை மறுபடி எடுத்தேன். இன்று குடல் சுத்தமாக இருந்தாலும், மரபணுவில் பழுது இருந்தால் வருஷா வருஷம் பார்க்கவேண்டும் என்றேன். சட்டென்று முகம் மாறிவிட்டது. "அதான் நக்கோன்னு சொன்னேன் இல்ல?" என்றார்.

மகள் கட்டிலருகே வந்து நின்றாள். "டாடி, நாக்கு தெலியாலி கதா?" என்றாள். தனக்கும் வருமா வராதா என்று தனக்குத் தெரியவேண்டாமா என்கிறாள். அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சில வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. படித்ததும் போனில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் போனேன். மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

"அண்ணே, உனக்கு அது இல்ல. உனக்கு இல்லாததால உன் பொண்ணுக்கும் அப்பா வழியில வராது. தப்பிச்சோம்!" என்றேன்.

அண்ணி, "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பாயசம் வைக்கப் போனார். மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்துவிட்டு, அம்மாவோடு உள்ளே ஓடினாள். அண்ணன் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தார்.

"நல்லா பாத்தாங்களா?" என்றார்.

"நல்லாப் பாத்தாச்சு."

"தப்பா இருக்கும். ரத்தம் மாறிப்போயிருக்கும். இன்னொருவாட்டி எடுக்கச் சொல்லு, நான் வரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கு ஊசிய நக்கோன்ன. இன்னிக்கு நோய் இல்லன்னு சொன்னா, குடுத்தே ஆவணும்னு சண்ட புடிக்கற. இன்னா மனுஷன் நீ?"

அவர் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப உனக்கா?"

நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். "ஒருத்தருக்கு இல்லன்னா இன்னொருத்தருக்குன்னு கணக்கு கெடயாது அண்ணே. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா..."

"நான் அதக் கேக்கல. உனக்கு இருக்குதா இல்லியா?"

யார் வீட்டுக் கூடத்திலும், எந்தச் சபையிலும் கூசாமல் குடலைப் பற்றிப் பேசுகிற எனக்கு, அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தினி வருஷமா?"

"ஆச்சு. ஒழுங்கா பாத்துக்கறேன். பயம் ஒண்ணும் இல்ல."

அண்ணன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அப்பாவுக்குக் கொள்ளி வெச்சது நானு. அவரு வேல எனக்கு வந்திச்சி. இதுவும் எனக்குத்தான் வரும்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா. டெஸ்ட்டுல எனக்கு இல்லன்னு வந்துட்டா, எங்க உன்கிட்ட போயிடுமோன்னுதான் வோணாம்னேன்."

"அப்டியெல்லாம் போவாது அண்ணே."

"போயிருக்குதே" என்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நான் இருக்கும்போது உனக்கு எப்டி வரும்? நான்தான பாப்பா பெரியவன்?"